சுருட்டை முடியை நேராக்கும் பொருட்கள்: முடிக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

சென்னையில் கொஞ்சம் பெரிய பியூட்டி பார்லர் எதற்குள் போனாலும் விலைப்பட்டியலில் ஸ்மூத்னிங், ஸ்ட்ரெயிட்னிங், ரீபாண்டிங், கெரட்டின், ஹேர் போடாக்ஸ், நானோபிளாஸ்டியா என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். தெருமுனைக் கடைக்குப் போனால் அதே 'ஸ்மூத்', அதே 'கெரட்டின்' ஷாம்பு பாக்கெட்டின் மேலும் இருக்கும். ஒன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய், இன்னொன்றுக்குச் சில்லறைக் காசு. இரண்டும் ஒரே வேலையைச் செய்யுமா என்றால், கிட்டக்கூட வராது. ஆனால் முதல்முறை போகிறவருக்கு அது எப்படித் தெரியும்? கேட்டால் "இதுதான் மேடம் இப்போ எல்லாரும் பண்றாங்க" என்ற பதில்தான் வரும்.

பெயர்களை மறந்துவிடுங்கள், அவை வருடத்துக்கு ஒன்று மாறும். எந்தப் பொருளைப் பார்த்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: இது முடியின் மேலே பூசிக்கொள்கிறதா, உள்ளே இருப்பதைக் கொஞ்ச நேரத்துக்கு இளக்குகிறதா, இல்லை உள்ளே இருப்பதை உடைத்து வேறு வடிவத்தில் கட்டுகிறதா? இதற்கு விடை தெரிந்தால் அது எத்தனை நாள் நிற்கும், தலைக்குக் குளித்தால் போய்விடுமா, முடி அதற்கு என்ன விலை கொடுக்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

சுருள் எங்கிருந்து வருகிறது

முடி சுருள்வது தோலுக்கு அடியில் முடிவாகும் விஷயம். முடி முளைக்கும் குழி நேராக இருந்தால் முடி நேராக வரும், குழி வளைந்தும் ஒரு பக்கமாகச் சாய்ந்தும் இருந்தால் முடி வளைந்துகொண்டே வரும். இது பரம்பரை. எந்த எண்ணெயும், சீரமும், பார்லர் கிரீமும் அந்தக் குழியின் வடிவத்தை மாற்றாது. அதனால்தான் எதைச் செய்தாலும் புதிதாக வளரும் முடி சுருட்டையாகவே வருகிறது. 'பெர்மனென்ட்' என்று எழுதியிருப்பது ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட முடிக்கு மட்டும்தான்.

வெளியே வந்த முடி உயிரில்லாத பொருள். அது எதையும் சாப்பிடாது, எனவே விளம்பரத்தில் சொல்வதுபோல் முடித்தண்டுக்கு 'ஊட்டம்' கொடுக்க முடியாது. பூசலாம், ஊற வைக்கலாம், வளைக்கலாம், உடைக்கலாம், அவ்வளவுதான். அதன் வெளிப்புறத்தில் மீன் செதிள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்த மெல்லிய அடுக்குகள் இருக்கின்றன. உள்ளே கெரட்டின் என்ற புரதம் நீள நீளமான இழைகளாக ஓடுகிறது. அந்த இழைகளை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் பிணைப்புகள்தான் முடியின் வடிவத்தைக் காப்பாற்றுகின்றன.

நமக்கு வேண்டியது அவற்றில் இரண்டு வகை. ஹைட்ரஜன் பிணைப்பு என்பது எண்ணிக்கையில் மிக அதிகம், ஆனால் பலம் குறைவு; தண்ணீர் பட்டாலே விட்டுவிடும், காய்ந்ததும் மறுபடி பிடித்துக்கொள்ளும். இன்னொன்று கந்தகப் பிணைப்பு. வேதியியலில் இதை டைசல்ஃபைட் என்பார்கள். முடி கருகும்போது வருமே ஒரு நாற்றம், அது பெரும்பாலும் இந்தக் கந்தகத்தால் வருவதுதான். இந்தப் பிணைப்பு தண்ணீருக்கு அசையாது, சாதாரண சூட்டுக்கும் அசையாது. இதை உடைக்க ரசாயனம் வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுருட்டை முடி நுனியில் எப்போதும் வறண்டிருப்பதற்குக் காரணம், மண்டையில் சுரக்கும் எண்ணெய் நேர் முடியில் வழுக்கிக்கொண்டு இறங்குவதுபோல் வளைவுகளில் இறங்க முடியாமல் மேலேயே நின்றுவிடுவதுதான். வேர் பிசுபிசுவென்றும் நுனி நார் மாதிரியும் இருந்தால் அது உங்கள் பராமரிப்பின் குறை அல்ல.

சூடு போட்டு நேராக்குவது

பருத்திச் சட்டையில் தண்ணீர் தெளித்து இஸ்திரி போடுகிறோமே, ஹேர் ஸ்ட்ரெயிட்னரும் பிளோ டிரையரும் செய்வது ஏறக்குறைய அதேதான். ஈரத்தில் ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டிருக்கும்போது முடியை இழுத்து நேராக வைத்துக் காயவிட்டால், அந்த நேரான நிலையிலேயே புதுப் பிணைப்புகள் உண்டாகிவிடும். மறுபடி ஈரம் பட்டால் அவையும் விடும், முடி பழைய சுருளுக்குப் போய்விடும்.

நம்ம ஊரில் தலை நனைய வேண்டும் என்றுகூட அவசியமில்லை. காற்றில் இருக்கும் ஈரமே போதும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இங்கே காற்றின் ஈரப்பதம் சர்வசாதாரணமாக 80 சதவீதத்தைத் தாண்டும். கோடையில் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வரும்போதும் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பிசுபிசுப்பு இருக்கும். காலை ஏழு மணிக்கு வீட்டில் அயர்னிங் செய்துகொண்டு, ஹெல்மெட் போட்டு, வேளச்சேரியிலிருந்து கிண்டி வரை சிக்னல் சிக்னலாக நின்று வேர்த்து அலுவலகம் சேரும்போது, நெற்றியோரத்து முடியும் கழுத்தோரத்து முடியும் பழையபடி சுருண்டிருப்பதற்கு ஸ்ட்ரெயிட்னர் மட்டம் என்று அர்த்தமில்லை, அது பாட்டுக்கு அதன் வேலையைச் செய்தது, காற்று தன் வேலையைச் செய்தது. பெங்களூருவில் இருக்கும் தோழி சொன்னார் என்று அதே மெஷினை வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய.

சூட்டைப் பற்றி இரண்டு விஷயம். முடி ஈரமாக இருக்கும்போது ஸ்ட்ரெயிட்னரை வைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து நீராவியாகி முடித்தண்டுக்குள்ளேயே குமிழ்களை உண்டாக்கும், அந்த இடத்தில் முடி ஒடியும். சுர்ரென்ற சத்தம் கேட்டால் நிறுத்திவிடுங்கள். அப்புறம், மெஷினில் 230 டிகிரி வரை இருக்கிறது என்பதற்காக அங்கே கொண்டுபோக வேண்டியதில்லை. மெல்லிய முடிக்கும் சாயம் அடித்த முடிக்கும் 150 டிகிரி பக்கம், தடித்த முடிக்கு 180 டிகிரி பக்கம் வைத்து, ஒரே இடத்தில் ஐந்தாறு தடவை இழுக்காமல் மெதுவாக ஒரு தடவை இழுப்பது நல்லது. சூடு காக்கும் ஸ்பிரே போட்டால் சூடு கொஞ்சம் நிதானமாக, சமமாகப் பரவும். அதைப் போட்டுவிட்டால் எத்தனை டிகிரியும் வைக்கலாம் என்று பொருளல்ல. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மேலே ஸ்ட்ரெயிட்னர் போடுவது முடியை வறுப்பதுதான், அதைச் செய்யாதீர்கள்.

மேலே பூசும் பொருட்கள்: கண்டிஷனர், சீரம்

கடையில் 'ஸ்மூத்', 'ஃப்ரிஸ் கன்ட்ரோல்', 'ஸ்ட்ரெயிட்' என்று எழுதி விற்கும் ஷாம்பு, கண்டிஷனர், மாஸ்க், சீரம் எல்லாம் அநேகமாக இந்த வகைதான். இவை எந்தப் பிணைப்பையும் தொடுவதில்லை. 'ஸ்ட்ரெயிட்' ஷாம்பு ஒன்று வளைந்த முடியை நேராக்கும் என்று நம்பி வாங்கினால் காசு தண்டம். ஆனால் பறக்கிற முடியை அடக்குவதும், சிக்கைக் குறைப்பதும், பளபளப்புக் கொடுப்பதும் இவற்றால் நன்றாகவே முடியும். நிறையப் பேருக்கு உண்மையில் வேண்டியதும் அதுதான், நேர் முடி அல்ல.

கண்டிஷனர் வேலை செய்யும் விதம் எளிமையானது. தேய்ந்த முடியின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை இருக்கும். கண்டிஷனரில் உள்ள பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரைமோனியம் குளோரைடு போன்றவை நேர்மின் தன்மை கொண்டவை, அதனால் எங்கே அதிகம் தேய்ந்திருக்கிறதோ அங்கே போய் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் விட்டு அலசினாலும் ஒரு மெல்லிய படலம் நிற்கும். கூடவே செட்டில் ஆல்கஹால், செட்டியரில் ஆல்கஹால் என்ற பெயர்கள் பாட்டிலில் இருக்கும். ஆல்கஹால் என்றதும் பயப்பட வேண்டாம், இவை கொழுப்பு வகை, மெழுகு மாதிரி இருக்கும், முடியை உலர்த்தாது.

சீரம் என்பது பெரும்பாலும் சிலிகோன். டைமெத்திகோன், அமோடைமெத்திகோன், சைக்ளோபென்டாசிலாக்சேன் என்று மூன்று நான்கு பெயர்கள் மாறி மாறி வரும். செதிள்களின் மேல் வழவழப்பான ஒரு படலமாகப் படிந்து, முடிகள் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ளும், காற்றின் ஈரம் உள்ளே போவதையும் ஓரளவு தாமதப்படுத்தும். சிலிகோன் முடியை மூச்சுத் திணற வைக்கும் என்று இணையத்தில் சுற்றும் பேச்சை நம்ப வேண்டாம். முடி மூச்சு விடுவதில்லை. உண்மையான சிக்கல், தண்ணீரில் கரையாத சிலிகோனை தினமும் போட்டுக்கொண்டு, முடிக்கு ஷாம்புவே ஆகாது என்று அலசாமலும் விட்டால், அடுக்கு சேர்ந்து முடி கனத்து, சுருள் தொங்கிப் போகும் என்பதுதான். எப்போதாவது ஒருமுறை நன்றாக நுரைக்கும் ஷாம்பு போட்டால் போய்விடும். சீரத்தைப் பாதி ஈரமாக இருக்கும்போது, நடுத்தண்டிலிருந்து நுனி வரை மட்டும், விரல் நுனி அளவு தடவினால் போதும். வேரில் தடவினால் மத்தியானத்துக்குள் எண்ணெய் வழியும்.

கிளிசரின் விஷயத்தில் சென்னைக்காரர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். சுருட்டை முடிக்கென்று வெளிநாட்டில் விற்கும் ஜெல், லீவ்-இன் கிரீம்கள் (தடவிவிட்டு அலசாமல் விடுபவை) பலவற்றில் கிளிசரின் பொருள் பட்டியலில் மேலேயே இருக்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பிடித்துவைக்கும் பொருள். வறண்ட ஊருக்கு அது வரம். நம்ம ஊர் நவம்பரில் அது இழுக்கிற ஈரத்தில் முடி ஊதிப் பரட்டையாகிவிடும். "அந்த வீடியோவில் அவருக்கு அவ்வளவு அழகாக வந்ததே, எனக்கு ஏன் வரவில்லை" என்றால் பாதி நேரம் விடை இதுதான். கிளிசரின் பட்டியலில் கீழே இருப்பதாக, அல்லது இல்லாததாகப் பார்த்து வாங்கிப் பாருங்கள்.

உடைத்துக் கட்டும் சிகிச்சை: ரீபாண்டிங், ஸ்மூத்னிங்

கந்தகப் பிணைப்பைத் தொடும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. முதலில் தடவும் கிரீமில் பெரும்பாலும் இருப்பது தயோகிளைகாலேட் வகை. முட்டை அழுகின மாதிரி, அமோனியா கலந்த மாதிரி ஒரு வாடை வருமே, அதுதான். அதன் பிஹெச் 9 பக்கம் இருக்கும், அதாவது காரத்தன்மை. காரத்தில் முடி உப்பி, செதிள்கள் விரிந்து, மருந்து உள்ளே போய்க் கந்தகப் பிணைப்புகளில் ஒரு பகுதியை அறுக்கும். அப்புறம் அலசி, காயவைத்து, மெல்லிய மெல்லிய பிரிவாக எடுத்து ஸ்ட்ரெயிட்னரால் நேராக இழுப்பார்கள். கடைசியில் நியூட்ரலைசர் போடுவார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு, அறுந்த பிணைப்புகளை இந்தப் புது, நேரான நிலையிலேயே மறுபடி கட்டுவது அதன் வேலை.

கால் முடி எடுக்கப் பயன்படுத்தும் கிரீம் இருக்கிறதே, அதிலும் இதே தயோகிளைகாலேட் குடும்பம்தான். அங்கே காரம் இன்னும் அதிகம், அதனால் முடி கரைந்து கையோடு வருகிறது. பார்லரில் மருந்தைத் தடவிவிட்டு நேரத்தைக் கவனிக்காமல் வேறு கஸ்டமரைப் பார்க்கப் போவது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. நல்ல கைகள் நடுவில் இரண்டு மூன்று முடியை எடுத்து இழுத்தும் சுற்றியும் பார்ப்பார்கள். மண்டைத் தோலில் படாமல் சற்றுத் தள்ளித் தடவுவார்கள்.

ரீபாண்டிங்குக்கும் ஸ்மூத்னிங்குக்கும் வேதியியல் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. மருந்தின் பலம், அயர்னிங் எவ்வளவு அழுத்திச் செய்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. முன்னதில் முடி கோடு போட்டதுபோல் தட்டையாக விழும், பின்னதில் கொஞ்சம் அலை மிச்சமிருக்கும். 2000களில் நம்ம ஊரில் ஓடிய அந்தத் தகடு மாதிரி முடி இப்போது யாருக்கும் பிடிப்பதில்லை என்பதால் ஸ்மூத்னிங் என்ற பெயர் மேலே வந்துவிட்டது, அவ்வளவுதான் என்பது என் எண்ணம். பார்லருக்குப் பார்லர் இந்தப் பெயர்களை மாற்றியும் பயன்படுத்துகிறார்கள், எனவே "எந்த மருந்து போடுவீர்கள், பாட்டிலைக் காட்டுங்கள்" என்று கேட்பதுதான் சரி.

இந்த மாற்றம் ஷாம்பு போட்டால் போகாது, மழையில் நனைந்தால் போகாது, மெரினாவில் போய் நின்றாலும் போகாது. ஆனால் அறுந்த பிணைப்புகள் அத்தனையும் மறுபடி கட்டப்படுவதில்லை. அதனால் முடி முன்பைவிடக் கண்டிப்பாகப் பலம் குறைந்துதான் இருக்கும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது என்பதால் ஆறு மாதத்தில் வேர்ப்பக்கம் ஆறு சென்டிமீட்டர் சுருட்டை, அதற்குக் கீழே நேர் முடி என்று ஆகிவிடும். அந்த இரண்டும் சேரும் இடம்தான் எளிதில் ஒடியும் இடம். மறுபடி செய்யும்போது வளர்ந்த பகுதிக்கு மட்டும்தான் மருந்து போட வேண்டும். ஏற்கெனவே செய்த நீளத்தின் மேல் திரும்பத் தடவினால் முடி ரப்பர் மாதிரி இழுபட்டு அறும்.

ரிலாக்சர் என்று இன்னொரு வகை உண்டு, சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடும் காரத்தில் செய்தது, பிஹெச் 12க்கு மேல். இங்கே அதிகம் புழக்கத்தில் இல்லை. ஆன்லைனில் வாங்கி வீட்டில் போட்டுப் பார்க்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். தயோகிளைகாலேட் போட்ட முடியில் இதைப் போட்டால் முடி கையோடு வந்துவிடும்.

மருதாணி போடுகிறவர்கள் அதைப் பார்லரில் மறைக்காமல் சொல்ல வேண்டும். நல்ல மருதாணி இலை கெடுதல் இல்லை, ஆனால் முடியின் மேல் அது படிந்திருந்தால் மருந்து திட்டுத் திட்டாக இறங்கும். பாக்கெட்டில் வரும் 'மெஹந்தி' சிலவற்றில் உலோக உப்புகள் கலந்திருக்கும், பெராக்சைடு பட்டால் அவை சூடேறி முடியைப் பொசுக்கும். காதுக்குப் பின்னால் ஒரு சிறு கொத்தை எடுத்து முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் வெளியே வந்துவிடலாம்.

கெரட்டின், போடாக்ஸ்: பெயர் ஒன்று, வேலை வேறு

கெரட்டின் சிகிச்சையில் முடிக்குக் கெரட்டினைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்பார்கள். கெரட்டின் முழுதாக முடிக்குள் நுழையும் அளவுக்குச் சின்ன மூலக்கூறு இல்லை; நுண்துண்டுகளாக்கிச் சேர்த்தாலும் அதனால் மட்டும் முடி நேராகாது. மாதக்கணக்கில் முடி அடங்கி நிற்க வைக்கும் வேலையைச் செய்வது கூடவே இருக்கும் ஃபார்மால்டிஹைட் அல்லது அதுபோன்ற பொருளும், மேலே 230 டிகிரி பக்கம் வைத்து இழுக்கும் ஸ்ட்ரெயிட்னரும்தான். இது கந்தகப் பிணைப்பை அறுப்பதில்லை, புரத இழைகளுக்கு நடுவே புதுசாகப் பாலம் போட்டு, மேலே படலமும் போட்டு முடியை அந்த நிலையில் பூட்டுகிறது. மூன்று நான்கு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். சல்ஃபேட் (நன்றாக நுரைத்து அழுக்கெடுக்கும் பொருள்) இல்லாத ஷாம்புதான் போட வேண்டும் என்று சொல்வதன் காரணம் அது.

ஹேர் போடாக்ஸில் முகத்தில் போடும் போடாக்ஸ் ஊசி மருந்து துளியும் கிடையாது. பெயர் மட்டும்தான். சில பிராண்டுகளில் அது வெறும் கனமான கண்டிஷனர், சிலவற்றில் கெரட்டின் சிகிச்சையின் தம்பி. பாட்டிலைப் பார்த்தால்தான் தெரியும்.

ஃபார்மால்டிஹைடை ஏன் இவ்வளவு பேசுகிறோம் என்றால், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. 2011இல் அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை பார்லர்களுக்கு எச்சரிக்கை விட்டது. 'ஃபார்மால்டிஹைட் இல்லை' என்று லேபிளில் போட்டிருந்த பொருட்களைப் பயன்படுத்திய இடங்களிலும் காற்றில் அது இருந்ததுதான் அதில் கவனிக்க வேண்டியது. மெத்திலீன் கிளைகால், ஃபார்மலின், 'மெத்தனல்' (மெத்தனால் அல்ல) என்றெல்லாம் பட்டியலில் எழுதியிருந்தால் அது ஃபார்மால்டிஹைட்தான், அல்லது சூட்டில் அதை வெளிவிடும் பொருள். மருந்து போட்டு அயர்ன் பண்ணும்போது கண் எரிந்து தண்ணீர் வந்தால், தொண்டை கரகரத்தால், "கொஞ்ச நேரம்தான் மேடம், பொறுத்துக்கோங்க" என்று சொன்னாலும் எழுந்துவிடுங்கள். நமக்காவது வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை. கதவை இழுத்துச் சாத்தின ஏ.சி. அறையில் தினமும் இந்தப் புகைக்குள் நிற்கும் பெண்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஃபார்மால்டிஹைட் வேண்டாம் என்று அதற்குப் பதிலாக வந்தது கிளையாக்சிலிக் அமிலம். நானோபிளாஸ்டியா என்று விற்பவற்றில் இது நிறைய இருக்கும். 2024இல் ஒரு மருத்துவ இதழில் வந்த தகவலின்படி, இந்த அமிலம் கலந்த கிரீமால் 2020, 2021, 2022 என மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்ட ஓர் இளம் பெண்ணுக்கு மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது. எலிகளின் தோலில் அந்த கிரீமைத் தடவிப் பார்த்தபோது அவற்றின் சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் சேர்ந்தன. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று இல்லை. ஆனால் மண்டையில் எரிச்சல், புண் இருக்கும்போது இதைச் செய்துகொள்வதும், செய்த பிறகு வயிற்று வலி, வாந்தி, முதுகு வலி வந்தால் 'சாப்பாடு ஒத்துக்கலை' என்று விடுவதும் தவறு. மருத்துவரிடம் போய், முடிக்குச் செய்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதே வரிசையில் 2022இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வு ஒன்று நம்ம ஊர் வாட்ஸ்அப் வரை வந்தது. 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் கவனித்ததில், நேராக்கும் பொருட்களை வருடத்துக்கு நான்கு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது: 70 வயதுக்குள் வருவதற்கான வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம். இது ஒரு தொடர்பு, நிரூபணம் அல்ல. எந்த பிராண்டு, எந்தப் பொருள் என்று அவர்கள் கேட்டு எழுதவும் இல்லை. ஒரு தடவை கல்யாணத்துக்குச் செய்துகொண்டவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேக்கேஜ் போட்டுத் தருகிறேன் என்றால் யோசிக்க வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போதும், பால் கொடுக்கும்போதும், சின்னப் பிள்ளைகளுக்கும் இவை எதுவும் வேண்டாம்.

நேராக்காமலே அடக்குவது

முதல் எதிரி துண்டு. தலைக்குக் குளித்துவிட்டு முடியை முன்னால் தொங்கவிட்டுத் துண்டால் சுளீர் சுளீரென்று அடித்துக் காயவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, நேர் முடிக்கே அது நல்லதல்ல, சுருட்டை முடியில் செதிள்கள் எல்லாம் கிளம்பி அன்று முழுக்கப் பறக்கும். மெல்லிய ஈரிழைத் துண்டில் அமுக்கி அமுக்கித் தண்ணீரை எடுத்தால் போதும். காய்ந்த சுருட்டை முடியைச் சீவவும் வேண்டாம். கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே போய்ச் சிக்கெடுத்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஏரியாக்களில் கால்சியமும் மெக்னீசியமும் முடியில் படிந்து சொரசொரப்பாக்கும், சோப்பு வேறு போட்டால் வெள்ளையாகத் திட்டு ஒட்டும். மாதத்துக்கு ஒருமுறை ஈ.டி.டி.ஏ. (இந்தப் படிவைப் பிடித்து நீக்கும் பொருள்) சேர்த்த ஷாம்பு போடலாம், மற்ற நாட்களில் கடைசி ஒன்றிரண்டு சொம்பு மட்டும் கேன் தண்ணீரில் அலசிப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

தேங்காய் எண்ணெயை நம் பாட்டிகள் குளிப்பதற்கு முன்னால் தடவியதில் விஷயம் இருக்கிறது. அதன் லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள்ளே போகும், தண்ணீரில் முடி அளவுக்கு மீறி உப்புவதைக் குறைக்கும், அலசும்போது புரதம் வெளியேறுவதும் குறைகிறது என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதே ஆய்வில் சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அந்த வேலையைச் செய்யவில்லை. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படியும் இது பாதுகாப்புதான், நேராக்காது. வெந்தயம், கற்றாழை, செம்பருத்தி இலை எல்லாம் கொழகொழவென்று ஒரு படலம் போடும், அது ஒருவிதத்தில் வீட்டுக் கண்டிஷனர். சீயக்காய் அழுக்கெடுக்கும், ஆனால் தனியாகப் போட்டால் சுருட்டை முடிக்கு வறட்சி கூடும், முன்னாடி எண்ணெய் கட்டாயம்.

ஏற்கெனவே ரீபாண்டிங் செய்துவிட்டு இப்போது பழைய சுருள் வேண்டும் என்பவர்களுக்கு: நேராக்கிய பகுதியைச் சுருட்டையாகத் திருப்பும் எண்ணெயோ மாஸ்க்கோ கிடையாது, அப்படிச் சொல்லி யார் விற்றாலும் வாங்காதீர்கள். வளர வளர வெட்டிக்கொண்டே வருவதுதான் வழி. மாதத்துக்கு 1 சென்டிமீட்டர் கணக்கில் தோள்வரை முடிக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை இரண்டும் சேரும் இடத்தில் இறுக்கி ரப்பர் பேண்ட் போடாமல், சீப்பை அங்கே இழுக்காமல், தளரப் பின்னிப் போட்டுக்கொண்டால் சமாளித்துவிடலாம். பொறுமை இல்லை என்றால் கழுத்தளவுக்கு ஒரேயடியாக வெட்டிவிடலாம், சென்னை வெயிலுக்கு அதுவும் வசதிதான்.